வயிற்றுப்போக்குக்கு வெறும் தண்ணீர் ஏன் போதாது?

கேள்வி: டாக்டர், என் மகனுக்கு மூன்று வயது. போன வாரம் அவனுக்கு வயிற்றுப்போக்கும் வாந்தியும் மூன்று நாள் இருந்தது. எங்கள் டாக்டர் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் ஜிங்க் மருந்தும் எழுதிக் கொடுத்தார். முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், வெறும் தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதாது என்றார். பிளஸ் ஒன் படிக்கும் என் நாத்தனார் மகள், "அத்தை, உப்பும் சர்க்கரையும் குறைவாக இருக்கிற பக்கத்திலிருந்துதான் சவ்வு வழியாகத் தண்ணீர் போகும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் வெறும் தண்ணீர்தானே வேகமாக உள்ளே போக வேண்டும்?" என்று கேட்கிறாள். என் மாமியாரோ, பேதி ஆகும்போது சர்க்கரை கொடுத்தால் இன்னும் போகும், சோற்றுக்கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடு என்கிறார். என் கணவர் பழச்சுவையில் ஓ.ஆர்.எஸ். என்று பேர் போட்ட பானம் ஒன்றை வாங்கி வந்தார். அதைக் குடித்த பிறகு பேதி கூடியது போலத் தெரிந்தது. இப்போது குழந்தை நன்றாக இருக்கிறான். ஆனால் யார் சொல்வது சரி என்று எனக்குப் புரியவில்லை.
– வாசகி ஒருவர், தென்காசி மாவட்டம்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

குழந்தை தேறிவிட்டான் என்பதில் எனக்கும் நிம்மதி. உங்கள் வீட்டில் ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் சொன்னதைக்கூட முழுத் தவறு என்று தள்ளிவிட முடியாது. அதிலும் உங்கள் நாத்தனார் மகளின் கேள்வி அருமையான கேள்வி. பாடத்தில் படித்ததை வீட்டில் நடப்பதோடு பொருத்திப் பார்த்துக் கேட்டிருக்கிறாள். அவளுக்குப் பதில் சொன்னாலே மற்றவர்களுக்கும் பதில் கிடைத்துவிடும். அதனால் இந்தப் பதிலை அவளையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் நாத்தனார் மகள் சொன்ன அந்த விதிப்படி, அதாவது சவ்வூடு பரவலால்தான், தண்ணீர் குடலிலிருந்து இரத்தத்துக்குப் போகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தண்ணீரை மட்டும் பிடித்து உள்ளே தள்ளும் பம்பு எதுவும் நம் உடலில் கிடையாது. உடலால் உப்பை நகர்த்த முடியும். உப்பு போகும் பக்கம் தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கின்போதும் உப்பை உள்ளே கொண்டுபோகும் ஒரு வழி குடல் செல்களில் கெடாமல் இருக்கிறது. அந்த வழி வேலை செய்ய வேண்டுமென்றால் உப்பில் இருக்கும் சோடியமும், குளுக்கோஸ் என்ற சர்க்கரையும் ஒன்றாக வந்து சேர வேண்டும். ஓ.ஆர்.எஸ்.ஸில் சர்க்கரை இருப்பது இதற்காகத்தான். ருசிக்காகவோ தெம்புக்காகவோ அல்ல.

இது ஏன் இப்படி இருக்கிறது என்று புரிய, குடல் செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இந்தச் சவ்வின் அடிப்படை கொழுப்பு. பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் இரண்டு வால்களும் உண்டு. தலை தண்ணீரை விரும்பும், வால்கள் தண்ணீரை விட்டு விலகும். செல்லுக்கு வெளியேயும் தண்ணீர், உள்ளேயும் தண்ணீர். அதனால் இந்த மூலக்கூறுகள் தாமாகவே இரண்டு அடுக்காக நின்றுகொள்கின்றன. தலைகள் இரு பக்கமும் தண்ணீரைப் பார்த்தபடி இருக்க, வால்கள் நடுவில் ஒன்றையொன்று பார்த்தபடி மறைந்துகொள்கின்றன. இந்த இரட்டை அடுக்கின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு அடுக்கினால் இரண்டு லட்சம் சவ்வுகள் அடங்கும்.

இரண்டு அடுக்கு என்பதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் குழந்தை மருத்துவர் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. நெதர்லாந்தின் லைடன் நகரில் குழந்தை மருத்துவப் பேராசிரியராக இருந்த எவர்ட் கோர்ட்டரும், அவருடன் பணியாற்றிய கிரெண்டலும் 1925-ல் ஓர் எளிய சோதனை செய்தார்கள். பாலூட்டிகளின் சிவப்பணுவுக்குள் உட்கருவும் இல்லை, வேறு சவ்வுகளும் இல்லை. அதிலிருந்து எடுக்கும் கொழுப்பு அத்தனையும் வெளிச்சவ்வின் கொழுப்புதான். அதைப் பிரித்தெடுத்துத் தண்ணீரின் மேல் ஒரே ஒரு மூலக்கூறு தடிமனில் பரப்பி அளந்தார்கள். அந்த அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வில் கொழுப்பு இரண்டு அடுக்காகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை, அணுக்களின் பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் விடை சரியாக வந்தது என்று பிற்பாடு தெரிந்தது. முடிவு மட்டும் இன்றுவரை நிற்கிறது.

சவ்வு என்றதும் பலர் பாலிதீன் தாளை நினைத்துக்கொள்கிறார்கள். அது அப்படி விறைப்பாக இருப்பதில்லை. ரசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகளைப் பாருங்கள். கரண்டியால் தொட்டால் விலகும், இரண்டு துளி முட்டிக்கொண்டால் ஒன்றாகிவிடும், ஆனால் ரசத்தோடு மட்டும் கலக்காது. சவ்வின் குணமும் ஏறக்குறைய அதுதான். அதன் கொழுப்பு மூலக்கூறுகள் பக்கத்து மூலக்கூறோடு நொடிக்கு லட்சக்கணக்கான முறை இடம் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்குத் தாவுவது அபூர்வம், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். காரணம், தாவ வேண்டுமென்றால் தண்ணீரை விரும்பும் தலை, நடுவிலிருக்கும் எண்ணெய்ப் பகுதியைக் கடந்தாக வேண்டும்.

சோடியம் கடக்க முடியாததற்கும் இதே காரணம்தான். சோடியம் அயனி மின்னூட்டம் உள்ளது. தண்ணீர் மூலக்கூறுகள் அதை எப்போதும் சூழ்ந்திருக்கும். அவற்றை உதறிவிட்டு எண்ணெய்க்குள் நுழைய அதனால் முடியாது. குளுக்கோஸுக்கு மின்னூட்டம் இல்லை. ஆனால் அளவில் பெரியது, தண்ணீரோடு ஒட்டி உறவாடும் மூலக்கூறு. அதுவும் நுழையாது. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் தடையில்லாமல் போய்வரும். தண்ணீர் மூலக்கூறு மிகச் சிறியது, மின்னூட்டமும் இல்லை. அதனால் ஓரளவு கசிந்து போய்விடும். வெறும் கொழுப்பு அடுக்கில் தண்ணீர் கசியும் வேகத்தையும் சோடியம் கசியும் வேகத்தையும் ஒப்பிட்டால், வித்தியாசம் பல கோடி மடங்கு.

தண்ணீர் இன்னும் விரைவாகப் போக வேண்டிய செல்களில் அதற்கென்றே ஒரு புரதக் குழாய் உண்டு. பெயர் அக்குவாபோரின். அமெரிக்காவின் பீட்டர் ஆக்ரேயின் குழு 1992-ல் அதை நிரூபித்த விதம் நாத்தனார் மகளுக்குப் பிடிக்கும். தவளையின் முட்டை செல் குளத்துத் தண்ணீரில் கிடந்தாலும் ஊதிப்போவதில்லை, ஏனென்றால் அதன் சவ்வு தண்ணீரை எளிதில் விடாது. அந்த முட்டைக்குள் அக்குவாபோரினைத் தயாரிப்பதற்கான ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினார்கள். புரதம் உருவாகிச் சவ்வில் போய் அமரும்வரை காத்திருந்து, முட்டையைச் செறிவு குறைந்த நீரில் போட்டார்கள். சில நிமிடங்களில் முட்டை ஊதி வெடித்துவிட்டது. ஆர்.என்.ஏ. செலுத்தாத முட்டைகள் அப்படியே இருந்தன. இதற்காக ஆக்ரேக்கு 2003-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு குழாய் வழியே நொடிக்கு சுமார் 300 கோடி தண்ணீர் மூலக்கூறுகள் போகும். ஆனால் இது வெறும் வழிதான். தண்ணீர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை இரு பக்கமும் கரைந்திருக்கும் பொருள்களின் செறிவுதான் தீர்மானிக்கும்.

சரி, அந்தச் செறிவை யார் தீர்மானிப்பது? சோடியம் பொட்டாசியம் பம்பு. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ 1957-ல் நண்டின் கால் நரம்புகளில் இதை அடையாளம் கண்டார். அவருக்கு 1997-ல் நோபல் பரிசு வந்தது. இந்தப் புரதம், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளிவிட்டு இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொள்ளும். ஓய்வாகப் படுத்திருக்கும்போதுகூட நம் உடல் செலவிடும் ஆற்றலில் கணிசமான பங்கு இதற்குத்தான் போகிறது. இதன் விளைவாக, இரத்தத்தில் ஒரு லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) சோடியம் இருக்க, செல்லுக்குள் 10 அல்லது 15 தான் இருக்கும். பொட்டாசியம் நேரெதிர். வெளியே 4, உள்ளே 140.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டால் வெறும் தண்ணீர் ஏன் போதாது என்பது புரிந்துவிடும். இரத்தக் குழாய்களிலும் திசுக்களின் இடுக்குகளிலும் தண்ணீரைத் தக்கவைப்பது சோடியம்தான். பேதியில் தண்ணீர் மட்டுமா போகிறது? சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே போகின்றன. போன உப்பைத் தராமல் தண்ணீரை மட்டும் திருப்பித் தந்தால், உங்கள் நாத்தனார் மகள் சொன்னது போலவே அது உள்ளே போகும். போனதும் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். இப்போது செல்லுக்கு வெளியே செறிவு குறைவு, உள்ளே அதிகம். அதே சவ்வூடு பரவல் விதிப்படி தண்ணீர் செல்களுக்குள் புகும். மூளை செல்கள் வீங்கும். மண்டையோட்டுக்குள் அதற்கு இடம் ஏது? பேதியான குழந்தைக்கு வெறும் தண்ணீரும் பார்லித் தண்ணீருமே கொடுத்துக்கொண்டிருந்து, கடைசியில் வலிப்போடு தூக்கிக்கொண்டு ஓடிவருவதைக் குழந்தை மருத்துவர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். அவள் படித்த விதி சரியாகத்தான் வேலை செய்கிறது. குடல் சவ்வோடு நின்றுவிடாமல் உடலின் எல்லாச் சவ்விலும் வேலை செய்கிறது, அதுதான் ஆபத்து.

இப்போது குடலுக்கு வருவோம். பெரியவர் ஒருவரின் குடலுக்குள் ஒரு நாளில் சுமார் 9 லிட்டர் திரவம் இறங்குகிறது. குடிப்பது இரண்டு லிட்டர் என்றால் மீதி ஏழும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடலே சுரப்பது. மலத்தில் வெளியேறுவது 100, 200 மில்லிதான். மற்ற எல்லாவற்றையும் குடல் திரும்ப உறிஞ்சிவிடுகிறது. அந்த உறிஞ்சுதலின் பெரும்பகுதி சிறுகுடலில் நடக்கிறது.

சிறுகுடலின் உட்சுவரில் இருக்கும் செல்லுக்கு இரண்டு முகம். ஒன்று உணவு வரும் பக்கம் பார்த்தது, அதில் நுண்ணுறிஞ்சிகள் எனப்படும் மிகச் சிறிய விரல் போன்ற நீட்சிகள் ஆயிரக்கணக்கில் நெருக்கமாக நிற்கும். மற்றது இரத்தக் குழாய்ப் பக்கம் பார்த்தது. சோடியம் பம்பு இரத்தப் பக்கத்தில் மட்டுமே உண்டு. உணவுப் பக்கத்தில் வேறொரு புரதம் இருக்கிறது. அதன் பெயர் எஸ்.ஜி.எல்.டி.1. நம் கதைக்கு முக்கியமானது இதுதான்.

இந்தப் புரதம் வேலை செய்யும் விதத்தை ஒவ்வொரு படியாகப் பாருங்கள். முதலில் அது குடல் பக்கம் திறந்தபடி இருக்கும். இரண்டு சோடியம் அயனிகள் வந்து அதில் அமரும். சோடியம் அமர்ந்ததும் புரதத்தின் வடிவம் சற்று மாறும், அதன் பிறகே குளுக்கோஸ் வந்து பொருந்த வாகாக இடம் கிடைக்கும். குளுக்கோஸும் அமர்ந்துவிட்டால் குடல் பக்கம் மூடிக்கொண்டு செல்லின் உட்பக்கம் திறக்கும். உள்ளே சோடியம் மிகக் குறைவு, பம்பு அதை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது அல்லவா? அதனால் சோடியம் உடனே கழன்று உள்ளே போய்விடும். குளுக்கோஸும் கழலும். காலியான புரதம் பழையபடி குடல் பக்கம் திரும்பும். இந்தப் புரதம் நேரடியாக ஏ.டி.பி. எதையும் செலவழிப்பதில்லை. மறுபக்கத்தில் பம்பு உழைத்து உண்டாக்கி வைத்த சோடியம் பற்றாக்குறைதான் இதை ஓட்டுகிறது.

உள்ளே வந்த சோடியத்தைப் பம்பு இரத்தப் பக்கம் தள்ளிவிடும். குளுக்கோஸ் வேறொரு கடத்துப் புரதம் வழியாக அதே பக்கம் வெளியேறும். இரத்தப் பக்கத்தில் செறிவு கூடியதும் தண்ணீர் செல்லின் வழியாகவும், செல்களுக்கு இடையில் இருக்கும் இடுக்கு வழியாகவும் பின்தொடர்ந்து வரும். தண்ணீரை யாரும் தள்ளவில்லை. தானாகவே போகிறது.

இங்கே இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். சவ்வு விறைப்பானதல்ல, திரவம் போன்றது என்று பார்த்தோம். அதில் புரதங்களும் மிதந்து நகரும். ஃப்ரை, எடிடின் என்ற இருவர் 1970-ல் எலியின் செல்லையும் மனித செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் இரண்டு நிறம் கொடுத்துப் பார்த்தார்கள். உடல் வெப்பத்தில் 40 நிமிடங்களில் இரண்டு நிறமும் செல் முழுக்கக் கலந்துவிட்டன. குளிரில் வைத்தபோது கலக்கவில்லை. 1972-ல் சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்ட, உங்கள் நாத்தனார் மகளின் பாடத்தில் இருக்கும் திரவ மொசைக் மாதிரிக்கு இது முக்கியமான சான்று. அப்படிப் புரதங்கள் மிதந்து திரியுமென்றால், குடல் செல்லில் பம்பு உணவுப் பக்கத்துக்கும், எஸ்.ஜி.எல்.டி.1 இரத்தப் பக்கத்துக்கும் போய்விடாதா? போனால் உறிஞ்சுதலுக்கு ஒரு திசையே இருக்காது. அதைத் தடுப்பது, அடுத்தடுத்த செல்களைக் கழுத்துப் பகுதியில் இறுக்கிப் பிணைக்கும் புரதப் பட்டை. அது ஒரு பக்கத்துப் புரதம் மறு பக்கம் நகராமல் பார்த்துக்கொள்கிறது. பாடப் புத்தகத்தில் இதற்கு ஒரு வரிதான் கொடுத்திருப்பார்கள். என்னைக் கேட்டால், குடலின் வேலை முழுக்க அந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது.

எஸ்.ஜி.எல்.டி.1 உண்மையிலேயே அவ்வளவு முக்கியமா என்று சந்தேகம் வரலாம். பிறவியிலேயே இந்தப் புரதம் பழுதாக இருக்கும் குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். தாய்ப்பால் குடிக்கத் தொடங்கியதுமே அவர்களுக்குக் கடுமையான பேதி பிடித்துக்கொள்ளும். பாலின் சர்க்கரை உடைந்து வரும் குளுக்கோஸும் கேலக்டோஸும் இல்லாத, ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை கலந்த உணவுக்கு மாற்றினால் பேதி நின்றுவிடும், ஏனென்றால் ஃபிரக்டோஸுக்கு வழி வேறு. இந்தப் புரதத்துக்குச் சிறுநீரகத்திலும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு, எஸ்.ஜி.எல்.டி.2. உங்கள் வீட்டில் சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று யாராவது மாத்திரை சாப்பிட்டால், அது தடுப்பது இந்தப் புரதத்தைத்தான். தடுத்ததும் சர்க்கரை சிறுநீரில் போய்விடும்.

பேதியின்போது என்ன ஆகிறது? காலராவை எடுத்துக்கொள்ளலாம், இந்த வைத்தியம் பிறந்தது அதில்தான். காலராக் கிருமியே பேதியை நேரடியாக உண்டாக்குவதில்லை, அது சுரக்கும் நச்சுதான் உண்டாக்குகிறது என்று 1959-ல் கல்கத்தாவில் சம்பு நாத் டே காட்டினார். அந்த நச்சு முதலில் பிடித்துக்கொள்வது குடல் செல்லின் சவ்வில் இருக்கும் ஜி.எம்.1 என்ற, சர்க்கரை கோத்த கொழுப்பை. உள்ளே நுழைந்ததும், உப்பின் இன்னொரு பாதியான குளோரைடு போகும் வாயிலை மூடவிடாமல் திறந்தபடியே வைத்துவிடும். குளோரைடு குடலுக்குள் கொட்டும். சோடியம் அதைத் தொடரும், தண்ணீர் இரண்டையும் தொடரும். கடுமையான காலராவில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர்வரைகூடப் போகும். சாதாரண நாளில் உப்பை உறிஞ்சும் வேறொரு வழியையும் அந்த நச்சு அடைத்துவிடுகிறது. ஆனால் எஸ்.ஜி.எல்.டி.1-ஐ அது தொடுவதே இல்லை. அவ்வளவு பேதியிலும் அந்த வழி அப்படியே திறந்திருக்கிறது. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் ரோட்டா வைரஸ் பேதியில், குடல் சுவரிலிருந்து விரல் போல நீண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனி செல்கள் சேதமாகும். அப்போதும் சேதம் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். இடையில் நல்ல செல்கள் மிஞ்சியிருக்கும். பழுதான செல்களுக்குப் பதிலாகப் புதியவையும் நான்கைந்து நாளில் வந்துவிடும்.

சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே உள்ளே போகின்றன என்ற கருத்தை அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் முன்வைத்தார். 1968-ல் டாக்காவில் மருத்துவர்கள் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் காலரா நோயாளிகளுக்குக் குளுக்கோஸும் உப்பும் கலந்த கரைசலைக் குடிக்கக் கொடுத்து, நரம்பில் ஏற்றும் திரவத்தின் தேவை பெருமளவு குறைவதைக் காட்டினார்கள். ஆனால் அது ஆராய்ச்சி மருத்துவமனை. சாதாரண ஜனங்கள் இருக்கும் இடத்தில் இது நடக்குமா என்று பல மருத்துவர்கள் நம்பவில்லை.

அந்த அவநம்பிக்கையைத் துடைத்தவர் கல்கத்தாவின் குழந்தை மருத்துவர் திலீப் மஹலநபிஸ். 1971-ல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையைத் தாண்டி அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்துக்கு வந்தார்கள். பன்காவ் ஊரின் மருத்துவமனையில் காலரா நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தார்கள். நரம்பில் ஏற்ற வேண்டிய திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று அவருடைய குழு கல்கத்தாவில் எடை போட்டுப் பாலிதீன் பைகளில் நிரப்பியது. இஸ்திரிப் பெட்டியால் பைகளின் வாயை ஒட்டினார்கள். முகாமில் அதைப் பெரிய டிரம்களில் கரைத்து, குவளையில் பிடித்து நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார்கள். அதற்கு முன் 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு, அவருடைய பொறுப்பில் இருந்தவர்களிடம் 3.6 சதவீதமாகக் குறைந்தது. மஹலநபிஸ் 2022-ல் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே கொடுத்திருக்க வேண்டிய விருது என்பது என் எண்ணம்.

இப்போது உங்கள் வீட்டுப் பஞ்சாயத்துக்கு வருகிறேன்.

நாத்தனார் மகளிடம் சொல்லுங்கள், அவள் யோசித்தது போலவே உலக சுகாதார நிறுவனமும் யோசித்தது. பழைய ஓ.ஆர்.எஸ். கரைசலின் மொத்தச் செறிவு லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோல் (கரைந்திருக்கும் எல்லாத் துகள்களையும் சேர்த்துச் சொல்லும் அலகு). இரத்தத்தின் செறிவு சுமார் 290. குடலில் இருப்பது இரத்தத்தைவிடச் செறிவாக இருந்தால் தண்ணீர் எதிர்ப்பக்கம் வரும் அல்லவா? அதனால் 2002-ல் செறிவைக் குறைத்தார்கள். இன்றைய பாக்கெட்டில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சோடியம் குளோரைடு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் டிரைசோடியம் சிட்ரேட் இருக்கும். ஒரு லிட்டரில் கரைத்தால் குளுக்கோஸ் 75 மில்லிமோல், சோடியமும் 75 மில்லிமோல், மொத்தச் செறிவு 245. இரத்தத்தைவிடக் குறைவு, ஆனால் சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து போகத் தேவையான அளவு இருக்கிறது. இந்த மாற்றத்துக்குப் பிறகு, நரம்பில் திரவம் ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அவளுடைய சவ்வூடு பரவலும் எஸ்.ஜி.எல்.டி.1-ம் சேர்ந்து வேலை செய்யும் கரைசல் இது. பொட்டாசியம், பேதியில் போன பொட்டாசியத்துக்கு ஈடு. சிட்ரேட், இரத்தத்தில் கூடும் அமிலத்தைச் சரிசெய்ய.

முழு பாக்கெட், முழு லிட்டர் என்று உங்கள் டாக்டர் வற்புறுத்தியது இந்தக் கணக்குக்காகத்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் பாக்கெட் முழுவதையும் கொட்டிவிட்டால் சோடியம் பல மடங்காகிவிடும். அதைக் குடித்த குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறும், மூளை செல்களிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கப்படும். அதுவும் வலிப்பில் கொண்டுபோய் விடும். நேர்மாறாக, ஒவ்வொரு முறையும் கண்ணளவாக ஒரு சிட்டிகைப் பொடியை டம்ளரில் போட்டுக் கலக்கினால் என்ன அளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது. 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கடையில் கிடைக்கிறது. எத்தனை மில்லிக்கு என்று அட்டையில் பார்த்துவிட்டு வாங்குங்கள். கலக்கியதை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கலக்கலாம், கலக்கிய பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. பாலிலோ ஜூஸிலோ கலக்க வேண்டாம், மேலே சர்க்கரையும் சேர்க்க வேண்டாம்.

மாமியார் சொன்னதில் பாதி முழு உண்மை. சர்க்கரை அளவுக்கு மிஞ்சினால் பேதி கூடத்தான் செய்யும். சாதாரண குளிர்பானத்தில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். ஓ.ஆர்.எஸ்.ஸில் 1.35 கிராம். குளிர்பானத்தின் அவ்வளவு சர்க்கரையை எஸ்.ஜி.எல்.டி.1-ஆல் உடனே உள்ளே எடுத்துக்கொள்ள முடியாது, கூடவே வர வேண்டிய சோடியமும் அந்தப் பானத்தில் அநேகமாக இல்லை. குடலிலேயே தங்கும் சர்க்கரை, இரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். உங்கள் கணவர் வாங்கி வந்த பழச்சுவைப் பானத்தைக் குடித்ததும் பேதி கூடியது போலத் தெரிந்ததற்கு இது காரணமாக இருக்கலாம். ஓ.ஆர்.எஸ். என்ற பேரைத் தாங்கிய இப்படிப்பட்ட பானங்களால் நாடெங்கும் குழப்பம் இருந்ததால், பானங்களின் பெயரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. வாங்கும்போது, உலக சுகாதார நிறுவன அளவுப்படி தயாரித்தது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும்.

உங்கள் மாமியார் சொன்ன கஞ்சியைப் பற்றி நான் மரியாதையோடுதான் பேசுவேன். அரிசி மாவுச்சத்து என்பது ஏராளமான குளுக்கோஸ்கள் கோத்த நீண்ட சங்கிலி. செறிவுக் கணக்கில் அந்தச் சங்கிலி முழுவதும் ஒரே ஒரு துகள்தான், அதனால் அது தண்ணீரைக் குடலுக்குள் இழுப்பதில்லை. குடலில் நொதிகள் கொஞ்சம் கொஞ்சமாக அதை வெட்டிக் குளுக்கோஸை விடுவிக்க, விடுபட்ட குளுக்கோஸ் சோடியத்தோடு உடனே உள்ளே போய்விடும். அரிசியை வைத்துச் செய்த ஓ.ஆர்.எஸ். காலராவில் பேதியின் அளவைக் குறைக்கிறது என்றே ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உப்புப் போட்ட கஞ்சி நல்லது. ஆனால் வீட்டுக் கஞ்சியில் உப்பு எவ்வளவு என்பது கைப்பக்குவம், பொட்டாசியமும் போதாது. அதனால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்குப் பதிலாகக் கொடுக்காமல் அதோடு சேர்த்துக் கொடுங்கள். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குக் கஞ்சி வேண்டாம், தாய்ப்பாலும் ஓ.ஆர்.எஸ்.ஸும் போதும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இடையில் கொடுக்கலாம், அதை மட்டுமே நம்பக் கூடாது.

பாக்கெட் கிடைக்காத ராத்திரி வேளையில் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பும் கலந்து கொடுக்கலாம். நாம் போடும் சர்க்கரை குடலில் உடைந்து பாதி குளுக்கோஸாகும், அது வேலை செய்யும். விடிந்ததும் பாக்கெட் வாங்கிவிடுங்கள்.

உங்கள் மகன் வயதில் ஒவ்வொரு பேதிக்கும் பிறகு 100 முதல் 200 மில்லி கொடுக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் 50 முதல் 100 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகத் தொடருங்கள். பால், சாப்பாடு எதையும் நிறுத்த வேண்டாம். கண் குழி விழுந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ, குடித்ததெல்லாம் வாந்தியாகிவிட்டாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

ஜிங்க் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பேதி நின்றதும் அதையும் நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள்வரை கொடுக்க வேண்டும். சேதமான குடல் சுவர் சீக்கிரம் சரியாகவும், அடுத்த சில மாதங்களில் மறுபடி பேதி வருவதைக் குறைக்கவும் அது உதவும். உங்கள் மகனுக்குப் போன வாரம்தான் தொடங்கியிருக்கிறார்கள் என்றால் இன்னும் நாள் பாக்கி இருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த நாள்வரை முடித்துவிடுங்கள்.